துண்டு போட்டது யார்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். வங்கி மாதிரி இடங்களில் ஓடும் பெரிய கம்ப்யூட்டரான மெயின்ஃப்ரேமில் ஒரு டேட்டாசெட்டை (ஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள்) டெலீட் செய்யப் போனால் ‘டேட்டாசெட் இன் யூஸ்’ என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது, என்ன செய்வது என்று பெருங்குடியில் ஆரம்பித்து சிறுசேரி வரைக்கும் ஓ.எம்.ஆர். முழுக்க ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். சரி, மற்றதை ஓரமாக வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்வோம். எக்செல் மேக்ரோ கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், ஸ்டோரேஜ் டீமில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட் ஓஎஸ்ஸின் பழைய பதிப்பு இருந்த ஒரு வால்யூமை, அதாவது ஒரு டிஸ்கை, காலி செய்யச் சொன்னார்கள். சிஸ்டத்தின் சொந்த ப்ரோகிராம் லைப்ரரியான சிஸ்1.லிங்க்லிப் உட்பட நாலைந்து டேட்டாசெட் மட்டும் போக மறுக்கின்றன. அந்த வால்யூமை யாரும் தொட்டே ஒரு வருஷம் இருக்கும். அப்புறம் யார்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?
— பெயர் வேண்டாம், பெருங்குடி

பதில்: தம்பி, அந்த வால்யூமை யாரும் பிடிக்கவில்லை, அந்தப் பெயரைப் பிடித்திருக்கிறார்கள். இது புரிந்துவிட்டால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கத்தில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, மெயின்ஃப்ரேமில் என்க்யூ என்று சொல்வது கிட்டத்தட்ட அதுதான். டேட்டாசெட்டின் மேல் பூட்டு எதுவும் தொங்குவதில்லை, டிஸ்கில் ஒரு பிட் கூட மாறுவதில்லை. ஒரு ஜாப் ஒரு டேட்டாசெட்டைக் கேட்டால், இந்தப் பிடிப்புகளைக் கவனித்துக்கொள்ளும் ஜிஆர்எஸ் என்ற பகுதி தன் நினைவில் வைத்திருக்கும் பேரேட்டில் சிஸ்டிஎஸ்என் என்ற தலைப்பின் கீழே அந்தப் பெயரை எழுதிக்கொள்கிறது. டிஸ்ப் என்ற இடத்தில் ஷேர் போட்டுக் கேட்டால் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து உட்காரலாம், ஓல்டு, மாட், நியூ என்று கேட்டால் ஒருவருக்கு மட்டும்தான். அழிக்க வேண்டுமென்றால் அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பேரேட்டில் 44 எழுத்துக்குள் அடங்கும் டேட்டாசெட் பெயர் மட்டும்தான் இருக்கிறது, வால்யூம் எது என்று எழுத அங்கே இடமே கிடையாது. அதாவது ஒரு பஸ்ஸில் பதினாலாம் நம்பர் சீட்டில் துண்டு போட்டால் ஸ்டாண்டில் நிற்கிற எல்லாப் பஸ்ஸிலும் பதினாலாம் நம்பர் சீட் போய்விடும் என்கிற கணக்கு. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் சிஸ்1.லிங்க்லிப் வேறொரு வால்யூமில் பயன்பாட்டில் இருக்கிறது, அதே பெயர் கொண்ட உங்கள் பழைய பிரதி அதனால் மாட்டிக்கொண்டிருக்கிறது.

யார் என்று பார்க்க வேண்டுமா? கன்சோலில் ‘டி ஜிஆர்எஸ்,ரெஸ்=(சிஸ்டிஎஸ்என்,சிஸ்1.லிங்க்லிப்)’ என்று கொடுங்கள். எந்த சிஸ்டம், எந்த ஜாப், ஷேரா எக்ஸ்க்ளூசிவா, கடைசியில் ஓன் அல்லது வெயிட் என்று வரிசையாக வரும். ஓன் என்றால் உட்கார்ந்திருப்பவர், வெயிட் என்றால் நின்றுகொண்டிருப்பவர். உங்கள் திரையில் எக்ஸ்சிஎஃப்ஏஎஸ், எல்எல்ஏ என்ற இரண்டு பெயர்கள் வரும், இரண்டும் சிஸ்டத்தின் சொந்த வேலைகள். சிஸ்டம் ப்ரோகிராம்களைத் தேடும் லைப்ரரிகளின் பட்டியல்தான் லிங்க்லிஸ்ட், அதில் இருக்கும் லைப்ரரிகளை யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்பதற்காகவே இவை இரண்டும் எப்போதும் துண்டு போட்டு வைத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் புதிதாக வருபவர்கள் ஒரு விபரீதம் செய்வார்கள். எல்எல்ஏவை நிறுத்திவிட்டு ‘செட்ப்ராக் லிங்க்லிஸ்ட்,அன்அலோகேட்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் என்க்யூ எல்லாம் போய்விடும், டெலீட்டும் ஆகிவிடும், உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் ஓடுகிற சிஸ்டத்தின் லைப்ரரிகள் முழுவதும் காவலில்லாமல் கிடக்கும், பழைய பிரதியை அழிக்க வந்த கை தவறிப்போய்ப் புதியதில் பட்டால் கேட்க நாதி இருக்காது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது.

நல்ல வழி, பெயரை மாற்றுவது. பெயர்தானே பிடிபட்டிருக்கிறது? பழைய பிரதியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் புதுப் பெயரை யாரும் பிடித்திருக்கப் போவதில்லை, அப்புறம் சாதாரணமாக அழித்துவிடலாம். ஆனால் பெயர் மாற்றவும் சிஸ்டம் அதே என்க்யூவைக் கேட்குமே என்பீர்கள். கேட்கும். அதற்காகவே அனுமதிகளைப் பார்த்துக்கொள்ளும் செக்யூரிட்டி சாஃப்ட்வேரான ராக்எஃப்பில் ஃபெசிலிட்டி கிளாசில் ‘எஸ்டிஜிஏட்மின்.டிபிடிஎஸ்ஆர்என்.’ என்று தொடங்கி டேட்டாசெட்டின் பழைய பெயரில் முடியும் ஒரு ப்ரொஃபைல் வைத்திருக்கிறார்கள். அதில் உங்கள் ஐடிக்கு ரீட் அனுமதி இருந்தால், பெயர் பயன்பாட்டில் இருந்தாலும் எஸ்எம்எஸ் (போன் மெசேஜ் இல்லை, ஸ்டோரேஜை நிர்வகிக்கும் பகுதி) நிர்வகிக்காத வால்யூமில் பெயரை மாற்ற விடும். நான் ஐஇஎச்ப்ராகம் என்ற யுடிலிட்டியை வைத்துத்தான் செய்வேன்: ரீநேம், பழைய பெயர், வால்யூம், புதுப் பெயர், அவ்வளவுதான், எந்த டேட்டாசெட் எந்த வால்யூமில் என்று குறித்து வைத்திருக்கும் காடலாகை அது தொடாது என்பதே இங்கே வசதி. செக்யூரிட்டி டீமிடம் டிக்கெட் போட்டு இந்த அனுமதியை வேலை நடக்கும் அன்றைக்கு மட்டும் வாங்குங்கள், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏனென்றால் இந்த அனுமதியின் அர்த்தம், ‘இந்தப் பிரதியை நிஜமாகவே யாரும் பயன்படுத்தவில்லை என்பதற்கு நான் பொறுப்பு’ என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது. பயன்படுத்துகிறார்களா இல்லையா என்று சிஸ்டத்துக்குத் தெரியாது, அதன் பேரேட்டில்தான் வால்யூம் இல்லையே.

அதனால் கை வைப்பதற்கு முன்னால் ‘டி ஐபிஎல்இன்ஃபோ’ கொடுத்து இப்போது எந்த வால்யூமிலிருந்து சிஸ்டம் எழுந்திருக்கிறது என்று பார்த்து, வால்யூம் சீரியலைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஐஎஸ்பிஎஃப் மெனுவில் டேட்டாசெட் பட்டியல் எடுக்கும் 3.4 திரையில் வெறும் பெயரை மட்டும் கொடுத்துப் பட்டியல் எடுக்காதீர்கள். காடலாகில் இந்த மாதிரி சிஸ்டம் டேட்டாசெட்டுகளுக்கு வால்யூம் என்ற இடத்தில் ஆறு நட்சத்திரம் போட்டிருப்பார்கள், ‘எந்த வால்யூமிலிருந்து எழுந்தேனோ அது’ என்று அதற்குப் பொருள். பெயரை வைத்துப் போனால் அது உங்களை நேராக உயிருள்ள லிங்க்லிப்பிடம் கொண்டுபோய் விடும். வால்யூம் சீரியல் கொடுத்து அந்த வால்யூமின் வீடாக்கிலிருந்து (விடிஓசி, வால்யூமிலேயே இருக்கும் அதன் அட்டவணை) பட்டியல் எடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று. வால்யூமில் வேறு எதுவும் மிச்சமில்லை என்றால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? எல்லா சிஸ்டத்திலிருந்தும் வால்யூமை ஆஃப்லைன் செய்துவிட்டு டிஸ்கைப் புதிதாகத் தயார் செய்யும் ஐசிகேடிஎஸ்எஃப்பில் இனிட் போட்டால் மொத்தமாகப் போய்விடும். வெரிஃபை என்ற இடத்தில் வால்யூம் சீரியலைக் கட்டாயம் கொடுங்கள், டிவைஸ் நம்பரில் ஒரு எழுத்து மாறிப்போனால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: ராத்திரி பேட்ச்சில் ஒரு ஜாப் ‘வெயிட்டிங் ஃபார் டேட்டாசெட்ஸ்’ என்று நின்றுவிட்டால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?
— வாசகி, மேற்கு தாம்பரம்

பதில்: முதலில் கண்ணாடியில் பாருங்கள். கிண்டல் இல்லை, சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் தரமணியில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். லண்டன் பக்கம் ஒரு வங்கி எங்கள் கஸ்டமர். குளிர்காலம், அவர்களுக்கு ராத்திரி பத்து என்றால் நமக்கு விடியற்காலை மூன்றரை. பேட்ச் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஐஇஎஃப்099ஐ மெசேஜ், ஒரு ஜாப் டேட்டாசெட்டுக்காகக் காத்திருக்கிறது. பத்து நிமிஷம் பார்த்தேன், இருபது நிமிஷம் பார்த்தேன், அதற்குப் பின்னால் நாற்பது ஜாப் வரிசையில் நிற்கிறது, லீட் போன் செய்துவிட்டார். ஓடும் ஜாப்களைப் பார்க்கும் எஸ்டிஎஸ்எஃப்பில் ஒரு சாய்கோடு போட்டு ஜிஆர்எஸ் கட்டளையை அடித்தேன். இரண்டு வரி வந்தது. கீழ் வரியில் அந்த ஜாப், எக்ஸ்க்ளூசிவ், வெயிட். மேல் வரியில் ஒரு யூசர் ஐடி, ஷேர், ஓன். எவன்டா இவன் என்று பார்த்தால் நான்தான். ஒரு மணிக்கு ரெக்கார்டு எண்ணிக்கை சரிபார்க்க அந்த ஃபைலை ப்ரௌஸில் திறந்தவன், எஃப்9 அடித்து இன்னொரு திரைக்குப் போய், அங்கிருந்து டீக்கடைக்குப் போய்விட்டேன். இரண்டாவது திரையில் ஃபைல் அப்படியே திறந்து கிடந்தது. எஃப்9, எஃப்3, ஜாப் கிளம்பிவிட்டது. “யாருப்பா பிடிச்சிருந்தது?” என்று லீட் கேட்டார். “ஒரு யூசர் சார், சொல்லிட்டேன், விட்டுட்டார்” என்றேன். பொய் இல்லையே.

கன்சோல் கட்டளை கொடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றாலும் பரவாயில்லை. ஐஎஸ்பிஎஃப்பில் ‘டேட்டாசெட் இன் யூஸ்’ வந்த உடனே எஃப்1 ஐ இரண்டு தடவை அழுத்துங்கள், பிடித்திருப்பவரின் பெயர் வரும். பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்களில் கூட இது தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் கமாண்ட் வரியில் ‘டிஎஸ்ஓ ஐஎஸ்ஆர்டிடிஎன்’ அடித்து உள்ளே போனால் உங்கள் செஷன் பிடித்து வைத்திருக்கும் எல்லாமே பட்டியலாக நிற்கும், அங்கேயே என்க்யூ என்று அடித்தால் மற்றவர்களுடையதும் தெரியும்.

இன்னொரு காரணம் ஜேசிஎல், அதாவது ஜாப்பை ஓட்டச் சொல்லும் வரிகள், எழுதுகிறவர்களின் கை. வெறுமனே படிப்பதற்கு ஷேர் போதும், பழக்கத்தில் ஓல்டு போட்டுவிடுவார்கள். ஜாப் தொடங்கும்போதே எல்லா ஸ்டெப்புக்கும் தேவையான பெயர்களைச் சேர்த்துப் பிடித்துவிட்டுத்தான் முதல் ஸ்டெப்பே ஓடும். எட்டு ஸ்டெப்பில் ஏதோ ஒன்றில் ஓல்டு இருந்தாலும் பிடிப்பு எக்ஸ்க்ளூசிவ்தான், அந்தப் பெயர் வரும் கடைசி ஸ்டெப் முடிகிற வரைக்கும் விடாது. முதல் ஸ்டெப்பில் மட்டும் எழுதிவிட்டு மீதி ஏழிலும் படிப்பதாக இருந்தாலும் இதே கதி. இப்போதைய பதிப்புகளில் ஜாப் கார்டில் டிஎஸ்என்க்யூஷேர் என்று ஒன்று வந்திருக்கிறது, அலவ் என்று கொடுத்தால் எழுதும் வேலை முடிந்ததும் பிடிப்பை ஷேருக்கு இறக்கிக்கொள்ளும். உங்கள் இடத்தில் ஜாப் கிளாஸ் அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேன்சல் செய்து தள்ளிவிட்டால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?
— வேளச்சேரி வாசகர்

பதில்: பிடித்திருப்பது யார் என்று பார்த்த பிறகு கேன்சல் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரின் செஷன் என்றால் அவருக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கேன்சல். எழுதிக்கொண்டிருக்கும் பேட்ச் ஜாப் என்றால் பாதி எழுதிய ஃபைல் உங்கள் தலையில் விழும். ஃபோர்ஸ் பக்கமே போகாதீர்கள், அது கேன்சல் வேலை செய்யாதபோது கடைசியாக எடுப்பது, சில சமயம் அதோடு சிஸ்டத்தையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டி வரும்.

கேள்வி: ஒரு பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டோம். அதன் லோட் லைப்ரரி லிங்க்லிஸ்ட்டில் இருந்தது. சிஸ்டத்தின் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் பார்ம்லிப்பில் அந்த வரியை எடுத்தும்கூட அழிக்க முடியவில்லையே ஏன்?
— சிஸ்டம்ஸ் ப்ரோகிராமர் (கற்றுக்குட்டி என்று அவரே போட்டிருக்கிறார்), நாவலூர்

பதில்: முதல் கேள்விக்காரருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் உண்டு, அவருடையது அதே பெயரில் இருந்த வேறு பிரதி, உங்களுடையது நிஜமாகவே பிடிபட்டிருக்கும் டேட்டாசெட். பார்ம்லிப்பில் நீங்கள் மாற்றியது அடுத்த தடவை சிஸ்டம் எழும்போதுதான் தெரியும். இப்போது ஓடுகிற லிங்க்லிஸ்ட்டை மாற்ற வேண்டுமென்றால் செட்ப்ராக் கட்டளையில் இப்போதைய பட்டியலைப் பிரதியெடுத்துப் புதுப் பெயரில் ஒரு செட் உருவாக்கி, அதிலிருந்து இந்த லைப்ரரியை எடுத்துவிட்டு, புது செட்டை ஆக்டிவேட் செய்ய வேண்டும். எல்எல்ஏவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும், அதற்கான பார்ம்லிப் மெம்பரில் ரிமூவ் என்று எழுதி அப்டேட் கொடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் ஆகாது. ஏனென்றால் புது செட் வந்த பிறகு ஆரம்பிக்கும் ஜாப்கள்தான் புதியதைப் பார்க்கும், ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவை பழைய செட்டோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், கடைசி ஜாப் முடியும்வரை பழைய செட்டின் பிடிப்பு விடாது. யார் யார் என்று ‘டி ப்ராக்,லிங்க்லிஸ்ட்,யூசர்ஸ்,நாட்கரண்ட்’ கொடுத்தால் தெரியும், பார்த்தால் மாதக்கணக்கில் இறங்காத சிஐசிஎஸ் (ஆன்லைன் வேலைகளை ஓட்டுவது), டிபி2 (டேட்டாபேஸ்) எல்லாம் இருக்கும். அவற்றையும் கட்டாயமாகப் புதியதற்கு மாற்ற ‘லிங்க்லிஸ்ட் அப்டேட், ஜாப்=*’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஜாப் ஒரு மாட்யூலைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் பட்டியலை அதன் காலடியிலிருந்து உருவுவது அது, ஜாப் அபெண்ட் ஆகலாம், அதாவது பாதியில் விழலாம். புரொடக்‌ஷனில் நான் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. ஒரு லைப்ரரி பிடித்திருக்கும் சில நூறு சிலிண்டருக்காகவா? ஞாயிற்றுக்கிழமை ரீஸ்டார்ட் வரும்வரை கிடக்கட்டும்.

கேள்வி: வீசாம் என்ற வகை ஃபைலை ஐடிகேம்ஸ் யுடிலிட்டியில் டெலீட் கொடுத்தால் ஐடிசி3009ஐ என்ற மெசேஜ் வருகிறது. பர்ஜ் போடு என்கிறார் ஒருவர், நோஸ்கிராட்ச் போடு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— மடிப்பாக்கம் வாசகி

பதில்: இரண்டு பேரையும் விட்டுவிட்டு மெசேஜில் இருக்கும் ரிட்டர்ன் கோடைக் கேளுங்கள். நீங்கள் அதை எழுதவில்லை, நான் என்னத்தைச் சொல்வது. 84 என்றால் யாரும் பிடிக்கவில்லை, அந்த டேட்டாசெட்டை உருவாக்கியவர் வைத்த காலாவதித் தேதி இன்னும் வரவில்லை. பர்ஜ் போட்டால் போய்விடும், ஆனால் யாரோ யோசித்துத்தான் தேதி வைத்திருப்பார்கள், உரியவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பழைய ஜேசிஎல்களில் 99365 என்று தேதி போட்டிருப்பார்கள், 1999 முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டதே என்று நினைக்காதீர்கள், அதற்கு ‘எப்போதுமே அழிக்காதே’ என்று அர்த்தம்.

184 என்றால் ஃபைல் திறந்திருக்கிறது. பர்ஜ் போட்டாலும் ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் சிஐசிஎஸ்தான் ஆளாக இருக்கும், செம்ட் ட்ரான்சாக்‌ஷனில் அந்த ஃபைலை க்ளோஸ் செய்யச் சொல்லிவிட்டு, யாரும் மறுபடி திறக்காதபடி டிஸேபிளும் செய்துவிட்டு அழியுங்கள். 

ஐசிஎச்408ஐ வந்திருந்தால் கதையே வேறு, அது ராக்எஃப். உங்களுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். அதையும் ‘லாக் ஆகியிருக்கு’ என்றே எல்லோரும் எழுதுகிறார்கள்.

நோஸ்கிராட்ச் சொன்ன அந்த ஆள், அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அது காடலாகில் இருக்கும் பெயரை மட்டும்தான் அடிக்கும், டிஸ்கில் டேட்டாசெட் அப்படியே இருக்கும், இடமும் காலியாகாது. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டால் ஆள் வீட்டை விட்டுப் போய்விடுவாரா என்ன?

கேள்வி: எங்கள் டெஸ்ட் எல்பாரிலிருந்து (அதே மெஷினில் தனியாக ஓடும் இன்னொரு சிஸ்டம்) அழித்தால் எந்த ‘இன் யூஸ்’ மெசேஜும் இல்லாமல் உடனே போய்விடுகிறது. புரொடக்‌ஷனில்தான் தகராறு. இனிமேல் இங்கிருந்தே செய்துவிடலாமா?
— சிறுசேரி வாசகர்

பதில்: ஐயையோ. நிறுத்துங்கள்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது எப்போது செல்லும்? அந்தத் துண்டை எல்லோரும் மதித்தால்தான். உங்கள் டெஸ்ட் எல்பாரும் புரொடக்‌ஷனும் ஒரே டிஸ்கைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆனால் இரண்டும் ஒரே ஜிஆர்எஸ் கூட்டுக்குள் இல்லை போலிருக்கிறது. அப்படியானால் புரொடக்‌ஷன் போட்ட துண்டு உங்கள் கண்ணுக்கே தெரியாது. தகராறு இல்லாமல் போவது வசதி என்று நினைக்கிறீர்கள், உண்மையில் காவல் இல்லாத பக்கமாக உள்ளே நுழைந்திருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன். புரொடக்‌ஷனில் ஒரு ஜாப் அந்த ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போதே அந்த ஃபைல் டிஸ்கில் எந்த ட்ராக்கிலிருந்து எந்த ட்ராக் வரை என்று தன் நினைவில் குறித்துக்கொண்டுவிடும், ஒவ்வொரு தடவையும் வீடாக்கைப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்காது. நீங்கள் இங்கிருந்து அழித்தீர்கள், வீடாக்கில் அந்த ட்ராக்குகள் காலி என்று ஆகிவிட்டது. அந்த ஜாப்புக்கு எதுவும் தெரியாது, அபெண்டும் ஆகாது, தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் கழித்து வேறு யாரோ ஒரு புது டேட்டாசெட் கேட்கிறார்கள், சிஸ்டம் அதே காலி ட்ராக்குகளைத் தூக்கி அவர்களுக்குக் கொடுக்கிறது. இப்போது இரண்டு பேர் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். மறுநாள் யாரோ ஒருவருடைய சம்பள ஃபைலுக்குள் இன்னொருவருடைய இன்ஷூரன்ஸ் ரெக்கார்டு இருக்கும், ஏன் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எங்கேயும் ஒரு எரர் மெசேஜ் கூட வந்திருக்காது. ‘டேட்டாசெட் இன் யூஸ்’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறதே, அது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத் தெரியும்.

ரிசர்வ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வீடாக்கை மாற்றும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் அது வால்யூமைப் பிடித்து, இரண்டு சிஸ்டம் ஒரே சமயத்தில் வீடாக்கில் கை வைக்காமல் தடுக்கும். ஃபைலை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது அதன் கவலை இல்லை.

ஒரே சிஸ்ப்ளெக்ஸுக்குள், அதாவது சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் கூட்டத்துக்குள், இருந்தும் இப்படி நடக்கிறது என்றால் உங்கள் பார்ம்லிப்பின் ஜிஆர்எஸ்ஆர்என்எல் மெம்பரில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிஸ்டிஎஸ்என் என்ற தலைப்பு இன்க்ளூஷன் பட்டியலில் இருந்தால்தான் ஒரு சிஸ்டத்தின் என்க்யூ மற்ற சிஸ்டங்களுக்குப் போய்ச் சேரும். அதில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் ஏதாவது பெயரைச் சேர்த்திருந்தால் அந்தப் பெயருக்கு மட்டும் தடுப்பு இருக்காது. முதல் கேள்விக்காரருக்கு, நீங்கள் செய்தது போல வேறு ஜிஆர்எஸ் கூட்டிலிருந்து அழிக்கும் குறுக்கு வழி உதவும், அவருடைய பழைய பிரதி நிஜமாகவே யாருக்கும் வேண்டாதது. தெரிந்தேதான் அவரிடம் சொல்லவில்லை. ஆறு மாத அனுபவத்துக்கு இந்தக் கதவைக் காட்ட வேண்டாம் என்று பார்த்தேன், இப்போது அவரும் படித்திருப்பார்.

கேள்வி: ஐபிஎல் செய்தால் எல்லாப் பிடிப்பும் போய்விடுமா?
— பள்ளிக்கரணை வாசகர்

பதில்: ஐபிஎல் என்றால் சிஸ்டத்தை முதலிலிருந்து எழுப்புவது, அந்த சிஸ்டம் வைத்திருந்தது எல்லாம் போய்விடும். பேரேடு நினைவில்தான் இருக்கிறது என்றேனே, சிஸ்டம் விழுந்தால் அதன் துண்டுகளும் விழும். சிஸ்ப்ளெக்ஸில் மற்ற சிஸ்டங்கள் பிடித்திருப்பவை அப்படியே இருக்கும். லிங்க்லிஸ்ட் லைப்ரரிகளை சிஸ்டம் எழுந்த உடனே முதல் வேலையாக மறுபடி பிடித்துவிடும், அதனால் பெருங்குடி தம்பிக்கு ஐபிஎல்லால் ஒரு பிரயோஜனமும் இல்லை, நாவலூர்க்காரருக்கு உண்டு.

அப்புறம் ஏப்ரல், மே மாதங்களில் ‘ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஐபிஎல் இருக்கு, வர முடியாது’ என்று வீட்டில் சொல்லும்போது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பல வருஷம் நான் சேப்பாக்கம் போய்விட்டு வருவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.